இடப்பக்கப் பாரம்

இடாஹோ மலைக்காட்டில் பாதை வெட்டும் ஆறு பேருக்கு
நான் சமைக்கிறேன். பெயர் தோரா.
கோவேறு கழுதை ஓட்டும் வெர்லின் கையில்
எப்போதும் ஒரு தொங்கு தராசு.
இடப்பெட்டியும் வலப்பெட்டியும்
ஒத்த எடை இல்லையென்றால்
மேட்டில் சேணம் சரியும்.
சரிந்தால் வசவு எனக்கு.

முதல் வருஷம் எடுத்துப் போனது
ஒட்டாது என்று சொல்லி விற்ற கறுப்புப் பூச்சு வாணலி.
முட்டை ஒட்டவில்லைதான்.
பூச்சும் ஒட்டவில்லை.
ஆகஸ்ட் முழுக்க மிளகு என்று நினைத்துத் தின்றோம்.
மிளகு வாங்கவே இல்லை என்பது
கணக்கு முடிக்கும்போதுதான் தெரிந்தது.

மறு வருஷம் வார்ப்பிரும்பு.
ஏழு பவுண்டு.
எதிர்ப்பக்கம் வெங்காய மூட்டை போதும் என்றார் வெர்லின்.
வெங்காயம் நாளுக்கு நாள் குறையும்,
இரும்பு குறையுமா?
பத்தாம் நாள் வெங்காயம் இருந்த இடத்தில்
ஓர் ஆற்றுக்கல் ஏறியது.
வாணலியைச் சுமப்பதற்காகக் கல்லையும் சுமந்தது
பிஸ்கட் என்கிற அந்தக் கழுதை,
காதை மட்டும் பின்னால் மடித்துக்கொண்டு.

இது நம்மையெல்லாம் புதைத்துவிட்டுத்தான் போகும்
என்று நான் பீற்றிக்கொண்ட அதே வாரம்
டெல்மர் (பத்தொன்பது வயது, உதவுகிறானாம்)
நெருப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு
பனியுருகிய ஓடைத்தண்ணீரை
அதில் ஊற்றினான்.
டங்.
விளிம்பிலிருந்து நடுவரை ஒரு தலைமுடி.
கொழுப்பு அதன் வழியே இறங்கி
நெருப்புக்குப் போனது.
யாரும் பேசவில்லை.
வெர்லின் எழுந்துபோய்
கல்லை எடுத்து ஆற்றில் போட்டார்.

ஆகவே இந்த வருஷம் எஃகுத் தகடு.
கடையில் நான் முதலில் விலை கேட்கவில்லை.
கைப்பிடியைப் பற்றிக் குலுக்கினேன்.
ஆணி மூன்று. மூன்றும் வாயைத் திறக்கவில்லை.
மரப்பிடி போட்டதை ஒதுக்கினேன்,
விறகோடு விறகாகிவிடும்.
கண்ணாடி மேசையில் வைத்து
விளிம்பை விரலால் அமுக்கினேன், தள்ளாடவில்லை.
இரவல் தராசை வெளியே எடுத்தபோது
கடைக்காரி சொன்னாள்:
பல்லையும் பிடித்துப் பாருங்களேன்.
காசு கொடுத்து வாங்குகிற மாடு, பார்ப்பேன்
என்றேன்.
மூன்றரை பவுண்டு.

கொழுப்புத் தடவிக் காய்ச்சினேன், துடைத்தேன், காய்ச்சினேன்.
வெள்ளித் தகடு பழுப்பாகி, நீலம் பாய்ந்து,
அங்கங்கே கறுத்து,
அடிபட்ட முழங்கால் மாதிரி ஆனது.
முதல் மீன் தோலைக் கொடுக்காமல் வர மறுத்தது.
சுரண்டியதை டெல்மர் தின்றான்,
இதுதான் ருசி என்றான்.
பழைய குற்றம் பேசியது.

அந்தக் குற்றமேதான்
ஒருநாள் நான் தூங்கியபிறகு
சோப்புப் போட்டுத் தேய்த்து,
புல்லில் கவிழ்த்து வைத்தது.
விடியலில் வாணலி ஆரஞ்சு நிறம்.
வார்ப்பிரும்புக்கு அழுதிருப்பேன்.
இதற்கு ஒரு பிடி மணல், ஒரு துண்டுக் கொழுப்பு,
அரைமணி நேர நெருப்பு.
பத்து மணிக்கு முட்டை பொரிந்தது.

செப்டம்பரில் பிஸ்கட்
பாரத்தோடு படுத்துப் புரண்டாள்.
உடையவில்லை.
இடது ஓரத்தில் ஒரு பள்ளம், முட்டையளவு.
எண்ணெய் எல்லாம் இப்போது அங்கேதான் ஓடுகிறது.
சுத்தியல் கேட்டேன்,
பிறகு வேண்டாம் என்றேன்.
பள்ளத்தில் முட்டை, மேட்டில் ரொட்டி.
ஒரே நெருப்பில் இரண்டு வேலை.

கடைசி முகாம், அக்டோபர்.
இரவில் யாரோ தண்ணீர் ஊற்றி விட்டிருக்கிறார்கள்.
யாரென்று கேட்டேன்,
ஆறு பேரும் மரங்களைப் பார்த்தார்கள்.
கவிழ்த்துத் தட்டினேன்.
வட்டமாக ஒரு பனிக்கட்டி விழுந்தது,
ஓரத்தில் அந்தப் பள்ளத்தின் புடைப்போடு.
டெல்மர் அதைக் கெட்டிலுக்குள் உடைத்துப் போட்டான்.
காபியில் லேசாக மீன் வாசம்.
வெர்லின் குடித்துவிட்டு
இடப்பெட்டியைத் தூக்கித் தராசில் மாட்டினார்.