நாலாவது வளையம்

வெள்ளிக்கிழமை.
ஆட்டு ஏலம் முடிந்து
புழுக்கை மட்டும் மிச்சமிருந்த வட்டத்தைத் தாண்டி
பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்தேன்,
வேடிக்கை பார்க்க வந்தவன்போல.

நிஸ்வாவில் என்னைத் தெரியாதவர் குறைவு.
அதனால் முதலில் மூக்குடைந்த காப்பிக் கூஜாவைத் தூக்கிப் பார்த்தேன்.
அடுத்து துருவேறிய துப்பாக்கி,
பூட்டில்லாத சான்சிபார் பெட்டி,
ஆஸ்திரிய ராணியின் தலை தேய்ந்த வெள்ளிக்காசு.
யாரோ எவளோ, பாவம்,
எங்கள் பெண்களின் கழுத்தில் தொங்கியே கிழவியானவள்.

அப்புறம்தான், தற்செயலாக,
ஹுமைதின் கடை.
கண்ணாடிக்குள் பச்சைத் துணியின்மேல்
படுத்திருந்தது
என் கஞ்சர்.

ஏழு மாதம் முன்பு இஸ்கி மேட்டில்
தண்ணீர் லாரியின் கியர்பாக்ஸ் உயிரை விட்டது.
பஹ்லாவில் ஒரு தரகனிடம்
நூற்று அறுபது ரியாலுக்கு
இருட்டில் கைமாற்றினேன்.
எத்தனை இடுப்பு சுற்றி இங்கே வந்ததோ.
நாளை ராத்திரி கொழுந்தியாளின் கல்யாணம்.
"அப்பா உங்களுக்குப் போட்டதைக் கட்டிக்கொண்டு வாருங்கள்"
என்கிறாள் ஸுவைனா.
அது இரும்புப் பெட்டியில் தூங்குவதாக
அவள் நினைப்பு.

"சும்மா எடு, பார்ப்போம்."
எடுத்தான்.
மெருகு வேறு ஏற்றி வைத்திருந்தான், படுபாவி,
நிலாவைத் தேய்த்துக் கழுவினதுபோல.
"என்னப்பா, நாலாவது வளையம் வெள்ளியில்லையே,
செம்புக் கம்பியல்லவா முறுக்கியிருக்கிறது?"
குறை சொன்னால்தானே விலை இறங்கும்.
(எங்கள் கிணற்று மோட்டாரின் கம்பி அது.
ஸுவைனா பல்லால் கடித்து முறுக்கியது.)

ஹுமைத் குரலைத் தாழ்த்தினான்:
"இதன் பெருமையே அதுதான்.
மலைச் சண்டையில் ஒரு ஷேக்கின் இடுப்பில்
குண்டு பட்டுத் தெறித்த வளையம்.
உயிர் பிழைத்தவர்
இனி அந்த இடத்தில் வெள்ளி ஏறக்கூடாது
என்று சொல்லிவிட்டார்."

"எந்த ஷேக்?"

"பெயர் வேண்டாம்.
குடும்பம் இன்னும் இருக்கிறது."

அது நிஜம்தான்.
குடும்பம் இன்னும் இருக்கிறது,
லாரித் தவணை கட்டிக்கொண்டு.

இதற்குள் ஒரு ஜெர்மன் தம்பதி வந்து நின்றார்கள்.
கூட வந்த பையன் ஷேக்கை மொழிபெயர்க்க,
அந்த அம்மாள் செம்புக் கம்பியை
காயத்தைத் தொடுவதுபோலத் தொட்டாள்.
முந்நூறாக இருந்தது நானூற்று இருபதாயிற்று.
எனக்கு வியர்த்தது.
பையனின் காதில் விழும்படி
பெருமூச்சோடு சொன்னேன்:
"காண்டாமிருகக் கொம்புக் கைப்பிடி ஆயிற்றே,
விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்களே."

சந்தனக் கட்டை அது.
ஹுமைதுக்கும் தெரியும்.
ஆனால் கொம்பு இல்லை என்றால் பாதி விலை,
கொம்பு என்றால் ஜெயில்;
வாயைத் திறந்தான், மூடினான்.
அம்மாள் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு
குங்கிலியக் கடைப் பக்கம் போனாள்.

"எங்கே கற்றாய் இதை?" என்றான் ஹுமைத்.
"உன் ஷேக்கிடம்தான்."
சிரித்தான். இருநூற்று எழுபது.
அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று
பெற்ற பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தான்.
அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

லாரிக்குள் உட்கார்ந்து
புகைக்குழாய்க் கரியை விரலால் வழித்து
பளபளப்பின்மேல் பூசினேன்.
பழைய அழுக்கு எந்தெந்த மடிப்பில் இருந்தது என்று
யோசித்து யோசித்து.

மறுநாள் ராத்திரி ஆண்கள் பந்தலில்
மாப்பிள்ளையின் சித்தப்பா குனிந்து பார்த்தார்.
"இந்த ஒரு வளையம் மட்டும் ஏன் செம்பு?"

மோட்டார் கம்பி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"மலைச் சண்டையில்" என்று வந்தது.
குண்டு வந்தது, ஷேக் வந்தார்,
சுற்றி நாலு பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எந்த ஷேக்?"

"பெயர் வேண்டாம்" என்றேன்.

எதிரே,
நாலும் வெள்ளியாக அதை என் இடுப்பில் கட்டிவிட்ட மாமனார்
ஹல்வாவில் வைத்த விரலை எடுக்காமல்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.