பக்கம் பத்து ரூபாய்

கச்சேரிக்கு எதிரே என் கடை.
போட்டோக்கொப்பி, லமினேற்றிங், படிவம் நிரப்புதல்.
மெசின் சூடாக நாலு நிமிசம்.

இன்றைக்கு வந்தது ஒரு சட்ட வரைவு.
நாலு பக்கம், நாற்பது பிரதி.
பின்னேரம் ஒட்டுசுட்டான் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டமாம்.
தொண்டு நிறுவனத்துப் பொடியன்
ஹெல்மெற்றைக் கழற்றாமலே சொன்னான்:
"மக்களிட்டைக் கருத்துக் கேக்கினம், அக்கா."

கொப்பி எடுக்கிறவள் வாசிக்கக் கூடாது.
ஆனாலும் கண்ணாடிக்குக் கீழே வெளிச்சம் ஓடும்போது
கண்ணும் கூட ஓடும்.

மேற்படி காலப்பகுதியில்
எத்தரப்பைச் சேர்ந்த எவரும்
புரிந்ததாகக் கூறப்படும் எச்செயலும்
மன்னிக்கப்பட்டதாகக் கருதப்படும்.

பள்ளியில் படித்த செயப்பாட்டு வினை.
செய்தவனைச் சொல்லாமலே
வாக்கியம் முடிந்துவிடும்.
மன்னித்தவளையும்.

பொதுமன்னிப்பு என்று தலைப்பு.
எனக்குத் தெரிந்த பொது
பொதுச்சந்தை, பொதுக்கிணறு.
பொதுக்கிணற்றில் அள்ளவும்
வாளி நான்தான் கொண்டுபோக வேணும்.
இதை அள்ளினது ஆருடைய வாளி?

தவமலர் அக்கா வந்தா.
அதே பொலித்தீன் பை.
பதின்மூன்று வருசமாய் அவவுக்குக் கொப்பி எடுக்கிறேன்.
ஆணைக்குழு மாற மாற
நிதர்சனின் முகம் கறுத்துக்கொண்டே போகிறது.
ஒறிஜினலை எந்த அலுவலகமோ வாங்கி வைத்துக்கொண்டது.
கொப்பியின் கொப்பியில்
ஒரு காதும் பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டியும் மிச்சம்.

பதினாறு வயதில் அவனைப்
பிடித்துக்கொண்டு போனது எங்கட ஆக்கள்.
தேடிப்போன தகப்பனை
பாலம் தாண்டினதும் பஸ்ஸில் ஏற்றினது அவங்கட ஆக்கள்.
அக்காவிடம் இரண்டு பைல்.
வரைவுக்கு ஒரு வரி போதுமாயிருந்தது.

"என்ன பிள்ளை இது?"
வாசித்துக் காட்டினேன்.
பையின் முடிச்சை அவிழ்த்தா. திரும்பக் கட்டினா.

"மன்னிக்க மாட்டனெண்டு நான் எப்ப சொன்னனான்?
ஆரை எண்டு ஒரு பேர் தரட்டும்.
வந்து முன்னால நிக்கட்டும்.
பெடியனை எங்க விட்டவங்களெண்டு சொல்லட்டும்.
அதுக்குப் பிறகு நான் யோசிக்கிறன்.
என்ர வேலையை ஏன் இவங்கள் செய்யிறாங்கள்?"

படத்துக்கு ஒரு கொப்பி எடுத்தேன்.
பிறகு வரைவின் மிச்சத்தை வைத்தேன்.
படத்தைக் கண்ணாடியிலிருந்து எடுக்க மறந்துபோனேன்.
மறந்துதான் போனேன் என்று வையுங்கள்.

கடைசி ஒன்பது பிரதிகளில்
அந்த வரி இருந்த இடத்தில்
ஒரு காதும் ஒரு கழுத்துப்பட்டியும்.

பொடியன் தாள்களை எண்ணினான்,
வாசிக்கவில்லை.
றப்பர் பாண்ட் போட்டு, பற்றுச்சீட்டு வாங்கி,
மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனான்.

அக்காவிடம் பத்து ரூபாய் வாங்கினேன்.
சும்மா கொடுத்தால்
கோவிப்பா.