ஒன்றுக்கான விலை

காலி வீதியில் ஒரு ஹோட்டலை மூடிவிட்டார்கள்.
அறுபது சீலிங் ஃபேன் ஏலத்துக்கு வந்தது, போனுக்குள்.
ஒரே நிறம், மூன்று இலை,
ஒரே ஒரு படம்தான் போட்டிருந்தார்கள்.
அறுபதுக்கும் அதுவே முகம்.

எனக்கு வேண்டியது ஒன்பது.
வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு இப்பால்,
வேலைக்குப் போகும் பெண்களுக்கு அறை விடுகிறேன்.
ஒன்பது அறை. ஏப்ரல் மாதம்.
நாலாம் அறை பிரியதாரணி
ஈரத் துவாயைப் போர்த்திக்கொண்டு படுக்கிறாள்.
வாடகையைக் கூட்டப்போகிறேன் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றுக்கு நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல் தாங்காது.
பால் கணக்குக் கொப்பியின் பின்னட்டையில்
அதை ஒன்பதால் பெருக்கினேன்.
எண்ணிக்கைப் பெட்டியில் 9.
விலைப் பெட்டியில் 40,500.
அழுத்தினேன்.

பிறகுதான் கண்ணில் பட்டது
பெட்டிக்கு மேலே மங்கலான எழுத்து:
ஒன்றுக்கான விலை.

கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற முடியாது என்றது திரை.
மூன்று லட்சத்து அறுபத்து நாலாயிரத்து ஐந்நூறு.
கையிலிருந்த காப்பைச் சுழற்றிச் சுழற்றி
செட்டியார் தெருவில் என்ன தருவார்கள் என்று யோசித்தேன்.
பட்டியலின் உச்சியில் நான்,
பெயருக்குப் பதிலாக நாலு நட்சத்திரம்.
எனக்கு அடுத்தவர் 5,200. அவருக்குப் பன்னிரண்டு வேணுமாம்.
எங்கள் இருவருக்கும் நடுவே
ஒரு கடலே கிடந்தது.

தூக்கம் வராதவளுக்கு
விதிமுறை வாசிக்க நேரமுண்டு.

மேலிருந்து கீழே பங்கிட்டுக்கொண்டு வருவார்கள்.
கூடக் கேட்டவருக்கு முதலில்.
விலை ஒன்றானால் முந்தி வந்தவருக்கு.
அறுபது தீருகிற இடத்தில் கோடு.
கோட்டுக்கு மேலே கடைசியாக நிற்கிறவர்
என்ன விலை சொன்னாரோ
அதுதான் எல்லோருக்கும் விலை.

மூன்று தரம் வாசித்தேன்.
நாலாம் தரம் வாய்விட்டு வாசித்தேன்,
பக்கத்து அறையில் யாரோ இருமும் வரை.

அப்படியென்றால் என் நாற்பதாயிரம்
வரிசையில் இடம் பிடிக்க மட்டும்.
கொடுக்கப்போவது
வாசற்படியில் ஒற்றைக்காலில் நிற்கும்
யாரோ ஒருவருடைய விலை.

ஆனால் இன்னும் நாலைந்து பேர்
என்னைப் போலவே பெருக்கியிருந்தால்?
மடைச்சிகளாலேயே அறுபதும் நிரம்பினால்?
அதைப் பற்றி விதிமுறை வாய் திறக்கவில்லை.

ஞாயிறு முழுக்கக் கோடு ஏறியது.
மூவாயிரத்து இருநூறு. நானூறு.
பருப்புக் கருகியது.
ஆறு மணிக்கு
மூவாயிரத்து அறுநூற்றைம்பதில் நின்றது.
அதே விலையை நாலு நிமிடம் பிந்திச் சொன்ன ஒருவர்
கோட்டுக்குக் கீழே, வெறுங்கையோடு.

ஒன்பதுக்கு முப்பத்திரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது.
காப்பைச் சுழற்றுவதை நிறுத்தினேன்.

இரத்மலானையில் களஞ்சியம்.
தகரக் கூரையின் கீழ் அறுபதும் கிடந்தன,
ஹோட்டலின் தூசியோடு.
எனக்கு முன்னால் நின்றவர் பெயர் சவாஹிர்,
தெமட்டகொடையில் சாப்பாட்டுக் கடை.
"பத்துக் கேட்டேன். மூன்றுதான் மிஞ்சிச்சாம்.
விருப்பமில்லாட்டி விடலாம் என்டாங்க.
விட்டா மூன்றும் இல்லையே."
பிறகு, குரலைத் தாழ்த்தி:
"கடைசி ஆள் நான்தான்.
ஐம்பது ரூபா குறைச்சிருந்தா அதுவும் போயிருக்கும்.
அது சரி, நாற்பதாயிரம் போட்ட
பைத்தியம் யாரெண்டு தெரியுமா?"

"பெரிய இடமாக்கும்" என்றேன்.

அவர் சிரித்தார்.
மூன்று ஃபேனையும் ஓட்டோவில் எப்படிக் கட்டுவதென்று
கயிற்றை அளந்துகொண்டிருந்தார்.
இந்த மனிதர் சொன்ன எண்ணைத்தான்
அந்தக் களஞ்சியத்தில் வரிசையாக நின்ற எல்லோரும்
எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.
அது அவருக்குத் தெரியவில்லை.
யாரும் அவருக்கு நன்றி சொல்லவுமில்லை.

என் லொறியில் இடமிருந்தது.
அவருடைய மூன்றையும் ஏற்றச் சொன்னேன்.

தெமட்டகொடை
என் வழியில் இல்லை.