கூண்டு ஏறும் நேரம்

புதுக் கொடி ஏறிய நள்ளிரவில்
கபம்ப்வே லுபாண்டோ கிட்வே சுரங்கத்தில்
இரண்டாயிரம் அடிக்குக் கீழே இருந்தான்.
செம்புக்கு விடுமுறை கிடையாது
என்று சொல்லிவிட்டார் ஷிப்டு மேஸ்திரி.

டப்பாவில் ஆறிப்போன சோளக் களி,
நாலு கபெண்டா மீன், தலையோடு.
தின்று முடித்துக் கையைப் பாறையில் துடைத்தான்.
அந்தப் பாறைக்கு எந்தக் கொடியையும் தெரியாது.

வடக்கே கலம்போ அருவியின் மணலுக்குள்
இரண்டு மரங்கள்
ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று உட்கார்ந்து கிடந்தன.
கல்லால் வெட்டிப் பொருத்திய கைக்கு
மனிதன் என்ற பெயர்கூட வாய்த்திருக்கவில்லை.
வீடா, பாலமா,
கால் நனையாமல் உட்கார ஒரு மேடையா?
அன்றிரவும் அவை உறங்கின.
எழுப்ப ஆள் வர இன்னும் ஐம்பத்தைந்து வருடம்.

கப்வேயில் ஈயம் தோண்டியபோது ஒரு மண்டையோடு.
புருவ எலும்பு கூரை இறவாணம்போல் நீண்டிருந்தது.
கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள்.
இந்த நாட்டுக்காரர்களில்
அடையாளச் சீட்டு கேட்கப்படாமல் பயணம் போனவர்
அவர் ஒருவர்தான்.

லுபாண்டோவிடம் கேட்டார்கள், போகிற இடமெல்லாம்.
மடித்து மடித்து நாலாய்க் கிழிந்த சீட்டு.
குடிசைக்கு வரி.
வரிக்குப் பணம், பணத்துக்குச் சுரங்கம்.
பங்வேலு ஏரியில் வலை வீசியவனின் மகன்
ஈரமில்லாத இருட்டுக்குள் இப்படித்தான் இறங்கினான்.

சாம்பேசிக் கரையில் ஓர் ஊர்,
‘படுத்திருக்கும் பசு’ என்று பெயர்.
அறுநூறு வருடத்துக்கு முன் புதைக்கப்பட்டவர்கள்,
கழுத்தில் கடல் தாண்டி வந்த கண்ணாடி மணி,
பக்கத்தில் சிலுவை வடிவில் செம்பு.
கும்பிட அல்ல, கொடுக்கல் வாங்கலுக்கு.
பிற்பாடு வந்தவர்கள் கும்பிடும் சிலுவையைக் கொண்டுவந்தார்கள்.
செம்பைக் கொண்டுபோனார்கள்.

முப்பத்தைந்தில் லுவான்ஷ்யாவில்
வரி உயர்ந்ததென்று கூடி நின்றவர்கள்மேல் துப்பாக்கி சுட்டது.
ஆறு பேர்.
லுபாண்டோவின் சித்தப்பா அவர்களில் இல்லை,
ஏழாவதாக நின்றிருந்தாராம்.
எந்தக் கல்யாணத்திலும் அதைச் சொல்லாமல்
அவர் எழுந்ததில்லை.

மணி மூன்று முறை அடித்தது.
கூண்டு ஏறியது.
காது அடைத்து, திறந்து, மறுபடி அடைத்தது.
மேலே விடிந்திருந்தது. எங்கோ மேளம்,
இன்னும் தூங்கப் போகாத மேளம்.
சேற்றில் மிதிபட்ட காகிதக் கொடியொன்றை எடுத்து
ஓரத்து ஆரஞ்சுப் பட்டையைப் பார்த்தான்.
“இது நான் அனுப்பியது” என்றான்.
யாரும் சிரிக்கவில்லை, யாரும் இல்லை.

வருகைப் பதிவேட்டில்
வடக்கு ரொடீசியா என்ற அச்செழுத்தை அடித்து
மேலே ஸாம்பியா என்று எழுதியிருந்தான் குமாஸ்தா.
மை காயவில்லை.
லுபாண்டோவின் கட்டைவிரல் பட்டு
நாட்டின் பெயரில்
கொஞ்சம் மண்.