பாடியவர்: தெரியவில்லை

இரண்டாயிரத்துப் பதின்மூன்று, யாங்கோன்.
தாம்வே முச்சந்தியில் சோ லின்னின் செல்போன் கடை.
மெமரி கார்டு நிறையப் பாட்டு, ஆயிரம் சாட்.
இருநூறு கூடக் கொடுத்தால் படமும் ஏற்றித் தருவான்.
இறுதியாண்டுக் கட்டுரைக்கு
அவன்தான் என் முதல் சாட்சி.

இணையத்திலிருந்து இறக்கும் பாடல்களும்
ஒலிப்பதிவுத் தொழிலின் இழப்பும்
என்று தலைப்பை வாசித்துக் காட்டினேன்.
"இறக்குறதா? நானா?
இந்த லைன்ல ஒரு பாட்டு இறங்குறதுக்குள்ள
கண்டோஜி ஏரி வத்திப்போகும்.
சிங்கப்பூர்லேர்ந்து மச்சான் வருவான்
ஹார்டு டிஸ்க்கைச் சட்டைக்குள்ள சுருட்டிக்கிட்டு.
இறங்குறது பிளேன் மட்டும்தான்."

அப்படியே எழுதிக்கொடுத்தேன்.
பேராசிரியை சிவப்பில் கோடிட்டு
'ஆதாரம்?' என்று திருப்பித் தந்தார்.

இரண்டாம் சாட்சி பசுண்டாங்கில்.
பாட்டுக் கம்பெனிக் கணக்கர், பெயர் சூசைராயன்.
பேரேட்டைத் திருப்பிக் காட்டினார்,
விற்காத தகடு பதினோராயிரம்.
மொட்டைமாடியில் அவர் மனைவி உலர்த்திய மீன்மேல்
காக்கை இறங்காதிருக்க
நாற்பது தகடுகள் நூலில் தொங்கின.
காற்றடித்தால் நாற்பது சூரியன்.
"இந்த வருஷம் போன சரக்கு இதுதாம்மா."
சிரிக்கவில்லை.

திருடன் யார் என்று கேட்டேன்.
சோ லின் மாதிரி இருபது பேரைச் சொன்னார்.
பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து
"எங்க பெரிய ஹிட்டு இருக்கே,
மெட்டு தைவானுது. வரி மட்டும் பர்மா."
காசு அனுப்பினீர்களா?
"விலாசம் யாருக்குத் தெரியும்?"

இதை எழுதும் கைக்கே இரண்டு பெயர்.
பதிவேட்டில் மா ஏ திடா,
வீட்டில் பர்வதவர்த்தினி.
ஒரே மெட்டு, இரண்டு வரி.
அசல் எது என்று இதுவரை
யாரும் வழக்குப் போடவில்லை.

மறுபடி சோ லின் கடைக்குப் போனபோது மழை,
கரண்ட் இல்லை.
ஜெனரேட்டர் புகைக்குள் உட்கார்ந்து
அவன் கம்ப்யூட்டரில் பாட்டு எண்ணினேன்.
மாதிரி அளவு ஐநூறாவது வேண்டுமாம்.
பர்மியப் பாட்டு முந்நூற்றுப் பன்னிரண்டு,
கொரியா எண்பது,
'இந்தியா மிக்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் அறுபத்தொன்று.
அதில் ஏழாவது,
பாடியவர்: தெரியவில்லை.
தட்டினேன்.

உடுக்கை.
பிறகு பதினான்கு பெண்குரல்.
மூன்றாவது அடியில் ஒருத்தி மட்டும்
அரை நொடி முந்துகிறாள்.

அது நான்.

பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறை,
தீமிதிக்கென்று போட்ட தகடு.
ஸ்டூடியோச் சுவரெல்லாம் முட்டை அட்டை.
கூலி, ஆளுக்கு ஒரு கிண்ணம் மொஹிங்கா.
முன்வரிசைப் பாடகிக்கு மட்டும்
அதில் அவித்த முட்டை.
முந்தாதே, முந்தாதே என்று மூன்று தடவை நிறுத்தினார்கள்;
நாலாவதில் வாடகை நேரம் முடிந்துவிட்டது.

"இதை யார் கேக்குறா?"
"மோல்மேன் போற லாரிக்காரங்க.
அர்த்தம் தெரியாதாம், தூக்கம் வராதாம்."

கோபம் வரவேண்டிய இடம் இது.
நான்காம் பத்தி, 'கலைஞர்களின் எதிர்வினை'
என்று இடம்கூட விட்டுவைத்திருந்தேன்.
ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம்
இருட்டில் ஒரு பாலம்,
ரப்பர் ஏற்றிய லாரி,
கண் செருகும் ஓட்டுநரை உலுக்கும்
என் அவசரம்.

"என் கார்டுல ஏத்து" என்றேன்.
ஒற்றைப் பாட்டு ஐம்பது சாட்.
எண்ணி வாங்கிக்கொண்டான்.

இரவு, மெழுகுவர்த்தி அணைவதற்குள்
அட்டவணையை முடித்தாக வேண்டும்.
பாடியவர் என்ற கட்டத்தில்
எந்தப் பெயரை எழுத?
விட்டுவிட்டேன்.
இழப்பு என்ற கட்டத்தில்
ஒரு முட்டை வரைந்தேன்.
பேராசிரியை அதைச்
சுழி என்றுதான் வாசிப்பார்.