கேட்கவில்லை

படிவத்தில் பதினேழாவது கேள்வி:
செவித்திறன் குறையத் தொடங்கிய ஆண்டு.
அப்பாவிடம் கத்திக் கேட்கிறேன்.
"நாற்பத்து மூன்று" என்கிறார்
தொண்ணூற்றாறு வயதில்,
சூப்பில் பிஸ்கட்டை நொறுக்கிக்கொண்டே.

பொய்.
எழுபத்தொன்றில்கூட
அடுத்த தெருக் குழாய் ஒழுகுவது அவருக்குக் கேட்டது,
மாடியில் நான் திருட்டு சிகரெட்டுக்குக்
கிழித்த தீக்குச்சியும்.

கிம்லியில் பிறந்தவர் எய்னார் ஸ்வைன்சன்.
உறைந்த ஏரியைத் துளைத்து வலைவிடும் குடும்பம்.
கடலைப் பார்க்காமலே கடற்படையில் சேர்ந்தார்.
ஹாலிஃபாக்ஸில் காதைச் சோதித்தார்கள்,
கப்பலில் ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்தார்கள்.
தண்ணீருக்குள் ஓர் ஒலியை அனுப்பு,
திரும்பி வருவது என்னவென்று சொல்.
பாறை என்றால் ஒரு மாதிரி,
திமிங்கிலம் என்றால் ஒரு மாதிரி,
இரும்பு நெருங்கினால்
சுருதி ஒரு மயிரிழை ஏறியிருக்கும்.
பல் கூசும் என்பார்.

மார்ச் மாதம், விடியுமுன், ஏதோ திரும்பி வந்தது.
"என்ன அது, ஸ்வைன்சன்?"
"மீன் கூட்டம், ஸார். வேறொன்றும் இல்லை."
நாற்பது நிமிடம் கழித்து
வரிசையின் கடைசி எண்ணெய்க் கப்பல்
கடலின் மேலேயே எரிந்தது.
முப்பத்தெட்டுப் பேர்.
மீனாகவே இருந்திருக்கலாம் என்று
விசாரணையில் எழுதி, மையொற்றி, மூடினார்கள்.
அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

போர் முடிந்ததும் அரசு செலவில் பொறியியல்.
வினிபெக் நகரக் குடிநீர்த் துறை.
நள்ளிரவு இரண்டு மணிக்கு, கார்கள் அடங்கியபின்
வால்வு மூடியைத் திறந்து
இரும்புக் கம்பியை ஊன்றி
அதன் மரக் குமிழில் காதை வைப்பார்.
மைனஸ் முப்பதில் கன்னம் ஒட்டிக்கொள்ளும்.
நகரம் தூங்கும். அதன் நரம்புகள் மட்டும்
அவருக்கு விழித்திருக்கும்.

நிலவறையில் பதினொரு பெட்டி இரவுக் குறிப்புகள்.
தெரு, மணி, குளிர்,
கடைசிக் கட்டத்தில்: கசிவு உண்டா?
மற்றவர்கள் 'இல்லை' என்றே எழுதினார்கள்.
முப்பத்தோரு வருடத்தில் அப்பா
ஒரு முறைகூட அந்தச் சொல்லை எழுதவில்லை.
'கேட்கவில்லை.' 'கேட்கவில்லை.' 'கேட்கவில்லை.'
"உண்டா, இல்லையா, ஒன்றைச் சொல்லித் தொலை" என்பாராம்
மேலதிகாரி டன்லப்.
பதவி உயர்வு இரண்டு தடவை
வாசல்வரை வந்து திரும்பிப் போனது.

எனக்கு எட்டு வயதில்
கட்டிலுக்கடியில் பேய் இருக்கிறதா என்று கேட்டேன்.
மண்டியிட்டார். தரையில் காதை வைத்தார்.
வெகுநேரம்.
"எனக்குக் கேட்கவில்லை" என்று எழுந்து போனார்.
அன்றிரவு முழுக்க நான் தூங்கவில்லை.

அம்மா இறந்த அன்றும்
அவள் மார்பில் காதை வைத்துக் கிடந்தார்.
நர்ஸ் கதவருகே காத்திருந்தாள்.
எழுந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து,
அதையேதான் சொன்னார்.

போன வாரம் செவிச் சோதனை.
கண்ணாடிப் பெட்டி, தலையில் கருவி.
"ஒலி கேட்டால் பொத்தானை அழுத்துங்க, தாத்தா" என்றாள்
பிலிப்பினோப் பெண் ரோவேனா.
அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.
நடுவில் விட்டு, தலையைச் சாய்த்து,
மறுபடி.
ரோவேனா என்னைத் திரும்பிப் பார்த்தாள்:
"நான் இன்னும் எதையும் அனுப்பவே இல்லையே."

காரில் கேட்டேன், என்ன அது என்று.
"மீனாக இருக்கலாம்."
அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

சார்ஜென்ட் அவென்யூவில் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.
நிறுத்து என்று கையைக் காட்டினார்.
இறங்கினார். சேற்றில் கைத்தடியை ஊன்றி
அதன் பிடியில் கன்னத்தைச் சாய்த்தார்,
செவிக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு.
ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருவன்
திட்டப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.
அவன் எட்டிப் போய்
இயந்திரத்தை அணைத்தான்.