பூஜ்ஜியத்தை அழுத்தவும்

கேஸ்கட் மூட்டைகளுக்கு நடுவே நிற்க வைத்துத்தான்
என் குரலை எடுத்தார்கள்.
ஸ்டோர் ரூமில் எதிரொலி வராது என்றான்
வில்லியனூரிலிருந்து வந்த டெக்னீஷியன்.
அன்றைக்கு எனக்கு ஜலதோஷம் வேறு.
'வணக்கம்' மூன்றாவது டேக்கில் சரியாக வந்தது.
'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது'
ஏழு டேக் வாங்கியது.
நம்புற மாதிரி சொல்லுங்க மேடம், என்றான்.

அதிலிருந்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில்
மூக்கடைத்த அமலோற்பவம் ஒருத்தி
ராப்பகலாய்ச் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.
விற்பனைக்கு ஒன்று. கணக்குக்கு இரண்டு.
பாக்கி கேட்பவர்களுக்கு மூன்று.
மூன்று எங்கேயும் போய்ச் சேராது,
வீணை மட்டும் வாசிக்கும்.

முதலாளி இப்போது ரியூனியன் தீவுக்கு
நெட் வழியாகப் பேசுகிறார்.
அங்கே குடியேறிய காரைக்கால்காரர்தான் பார்ட்டி.
முன்பெல்லாம் ஐ.எஸ்.டி. போட்டால்
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார்.
யோசிக்கக் காசு. இருமக் காசு.
இப்போது பேசாமல் இருப்பதுகூட இலவசம்,
இரண்டு பேரும் நிறையவே பேசாமல் இருக்கிறார்கள்.
அரை நொடி தாமதத்தில்
இவர் 'சொல்லுங்க' என்கையில் அவரும் 'சொல்லுங்க',
இவர் நிறுத்த அவரும் நிறுத்த,
குறுகிய சந்தில் எதிரெதிரே வந்து
ஒரே பக்கம் ஒதுங்கும் இரண்டு ஸ்கூட்டர்கள்.
விலை சொல்லும்போது மட்டும்
லைன் துல்லியமாக இருக்கிறது.

ஐப்பசி. திங்கட்கிழமை. காலை ஆறே முக்கால்.
மகளுக்கு நூற்று மூன்று டிகிரி.
முதலாளியின் செல் அணைந்திருந்தது.
ஆபீஸ் நம்பருக்குப் போட்டேன்.
நானே எடுத்தேன்.
வணக்கம் என்றேன் எனக்கு.
அந்த மூக்கடைப்பைக் கேட்டதும்
உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்ல வாய் வந்துவிட்டது.
ஒன்று, இரண்டு, மூன்று.
காய்ச்சலுக்கு எண் கிடையாது.
ஆபரேட்டரிடம் பேச பூஜ்ஜியத்தை அழுத்தவும்.
அழுத்தினேன்.
ஆபரேட்டர் நெல்லித்தோப்பில்
ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

பீப்.

மூன்று நாள் கழித்துப் போனபோது
போனில் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.
பதினோரு செய்திகள்.
கடலூர் சிப்காட்டிலிருந்து நான்கு, எல்லாம் ஒரே ஆள்,
நூற்றைம்பது எம்.எம். ரிங் எங்கே என்று
கெஞ்சலில் தொடங்கி ஒருமையில் முடித்திருந்தார்.
ஒன்றில் இரண்டு நிமிடம் முழுக்கப்
பஸ் ஸ்டாண்டு. யாரோ சட்டைப் பையில் அமுங்கியது.
ஒருவர்: 'ஏம்மா, நீ பேசிக்கிட்டே இருந்தா
நான் எப்பப் பேசுறது?'
ஒன்பதாவது, நான்.

பெட்டியின் பாஸ்வேர்டு
என் ஒருத்திக்குத்தான் தெரியும்.
வருகைப் பதிவேட்டில் மூன்று கட்டம் சிவப்பு:
தகவல் இல்லை.

வழக்கம்போல நோட்டில் எழுதினேன்.
நேரம் 6.47. பெயர் அமலோற்பவம். விஷயம் லீவு.
நடவடிக்கை என்ற கட்டத்தில் வழக்கமாக எழுதுவது,
'உரியவரிடம் தெரிவிக்கப்பட்டது.'
அதையும் எழுதினேன்.

பிறகு முதலாளி அறைக்குப் போய்
ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன்.
தகர ஓட்டில் மழை. குக்கர் ஒரு விசில்.
'சார், பாப்பாவுக்கு ரொம்ப முடியல' என்று என் குரல்,
ஜலதோஷம் இல்லாமல்.
குணாளன் சார் பேனாவைத் திறந்தார்,
திங்கட்கிழமையின் சிவப்பை மட்டும் அடித்தார்.
செவ்வாயும் புதனும் நீங்க சொல்லலையேம்மா.

செய்தி இன்னும் முடியவில்லை.
வைக்க மறந்திருக்கிறேன்.
பாயிலிருந்து மகள் கேட்கிறாள்,
'யார்கிட்டம்மா பேசுற?'
'ஆபீஸ்ல ஒரு அக்காடி.
கண்டிப்பா சொல்லிடுவாங்க.'

நம்புகிற மாதிரித்தான் சொல்லியிருந்தேன்.
ஒரே டேக்.